ஃபிஃப்டி ஃபிஃப்டி மாப்பிள்ளை

எனக்கு வாய்தான் எதிரி. அதிலும் இங்கிலீஷ் பேசும் வாய். வண்டியில் பெட்ரோல் குறைந்தாலும், சட்னி லேசாகப் புளித்தாலும், எங்கள் திண்டுக்கல் நாகல் நகரில் ஆட்டோ கிடைக்காவிட்டாலும் ஒரே பாட்டுதான்: "நிலைமை ஃபிஃப்டி ஃபிஃப்டி!" (உயிர் ஊசலாடும் நோயாளிக்கு டாக்டர்கள் சொல்வார்களே, அதேதான்.)

கல்யாணமான புதிது. மாமனார் சேவுகம்பட்டியில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். "சாப்டீங்களா?" என்பதற்கு மேல் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் மனதில் எப்படி இடம்பிடிப்பது என்பதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே கவலை. அந்த நேரம் பார்த்து அவருக்குக் கிட்னியில் கல். திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உள்ளூர் மாப்பிள்ளை என்பதால் ஓடியாடும் பொறுப்பு என்னுடையது. (அவருக்கு வலி, எனக்கு சான்ஸ். என்ன பிறவியோ நான்!)

"சின்னக் கல்லுதான். தண்ணி நிறையக் குடிச்சாப் போதும், நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்றார் டாக்டர். அவர் நகர்ந்ததும் மாமனாரின் தம்பி ஊரிலிருந்து போன் செய்தார்.

"மாப்ள, அண்ணனுக்கு எப்படி இருக்கு?"

தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள் என்றால் என் ஓட்டத்துக்கு என்ன மரியாதை? குரலைத் தாழ்த்தினேன். "ஃபிஃப்டி ஃபிஃப்டிதான் சின்ன மாமா. நான் இருக்கேன், பாத்துக்கிறேன்."

அவர் சட்டென்று போனை வைத்துவிட்டார். அசந்துவிட்டார் என்று நினைத்து, நிம்மதியாக வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டேன்.

மத்தியானம் திரும்பினால், வார்டு வாசலில் சேவுகம்பட்டியே நிற்கிறது! வேன் பிடித்து வந்திருக்கிறார்கள். நடுவில் பங்குச்சாமியார், கழுத்தில் ஊதாப் பட்டை, கையில் மந்திரித்த எண்ணெய். சாகக் கிடப்பவருக்கு அவஸ்தை, அதாவது அந்தக் கடைசி எண்ணெய், பூசாமல் அனுப்பிவிட்டால் எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களில் காலத்துக்கும் மனசு ஆறாது. நான் கூட்டத்தை விலக்கி உள்ளே போவதற்குள் சாமியார் கட்டிலருகே போய்விட்டார்.

மாமனார் வாயில் வைத்த தயிர்ச்சோற்றை விழுங்கவே இல்லை.

"என்ன சாமி... எனக்கு அவஸ்தையா? டாக்டரு என்கிட்ட மறைச்சுப்புட்டாரா?"

"தைரியமா இருங்க. மனசுல எதுவும் இருந்தா ஆண்டவர்கிட்ட சொல்லிருங்க" என்ற சாமியார், மற்றவர்களை வெளியே போகச் சொன்னார்.

"வேணாம் சாமி, எல்லாரும் கேக்கட்டும். பொய்யோட போகக் கூடாது." மாமனார் என்னை நோக்கிக் கையை நீட்டினார். "இந்த மாப்ளய எனக்குத் துளிகூடப் பிடிக்கல. மக அழுதாளேன்னுதான் தலைய ஆட்டினேன். ஆளும் அவரு இங்கிலீசும்!"

மொத்த வார்டும் என்னைப் பார்த்தது. காலையிலிருந்து கண்ணே திறக்காத பக்கத்துக் கட்டில்காரர்கூட எழுந்து உட்கார்ந்து பார்த்தார்.

அப்போது டாக்டர் வந்தார். "கிட்னிக் கல்லுக்கு எதுக்குய்யா சாமியாரு? தண்ணியக் குடிங்கன்னுதான சொன்னேன்!"

சின்ன மாமா மெதுவாக என் பக்கம் திரும்பினார். "மாப்ளதான் ஃபிஃப்டி ஃபிஃப்டின்னாரு..."

சொன்னதைத் திரும்ப வாங்க மாமனாருக்கும் வழியில்லை, எனக்கும் இல்லை. அதிர்ச்சியில் அவருக்கு பிரஷர் ஏறி, கூடுதலாக ஒருநாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டியதாயிற்று. அந்த ராத்திரி நானேதான் துணைக்கு இருந்தேன். மணிக்கொரு தடவை தண்ணீர் கொடுத்தேன். முகத்தைப் பார்க்காமல் வாங்கிக் குடித்தார்.

வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது மாதாமாதம் தேங்காய் மூட்டை வருகிறது, போனில் என்னோடு மழை நிலவரமும் பேசுகிறார். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் யாரோ அவரிடம், "மாப்ள எப்படி, தங்கமானவரா?" என்று கேட்டார்கள். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஃபிஃப்டி ஃபிஃப்டி."

பந்தியே சிரித்தது. எனக்கு மட்டும் கண் கலங்கிவிட்டது. துளிகூடப் பிடிக்கல என்ற மனுஷர் ஆயிற்றே!