ஸ்டைனார் பெட்ரோலுக்குத் திரும்பினான்

ஸ்டைனார் தன் காரின் முன்சக்கரத்தை ஓங்கி ஓர் உதை விட்டான். காருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் கால் கட்டைவிரல்தான் சுரீரென்றது.

சமையலறை ஜன்னல் திறந்தது. "மறுபடியுமா?" என்றாள் அவன் மனைவி மாரித்.

"ராத்திரி முழுக்கச் சொருகியிருந்துச்சு. பாதிகூட ஏறல! கரண்டைக் குடிக்குதா, காறித் துப்புதா இந்தக் கழுதை?"

"கத்தாதே. குளிர் உள்ளே வருது, ஜன்னலை மூடிக்கிறேன். திட்டுறதை வெளியிலேயே திட்டி முடிச்சுட்டுப் போ."

வயர் சுவரில் சொருகியது சொருகியபடியே இருந்தது. பிளக்கில் பச்சை விளக்கு ஒரு பாவமும் அறியாததுபோல் மினுக்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு இன்னும் எரிந்தது.

முப்பது வருஷம், ஓயாமல் மழை பெய்யும் மேற்குக் கடற்கரையில் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தவன் ஸ்டைனார். பட்டறையை மூடினார்கள். ஐம்பத்து மூன்று வயதில் மலைக்கு இந்தப் பக்கம், காட்டு நடுவே ஒரு மர ஆலையில் வேலை கிடைத்தது. ஆறு மாதம் சோதனைக் காலம். அதைத் தாண்டினால்தான் நிரந்தரம். இலையுதிர் காலமெல்லாம் நன்றாகத்தான் போயிற்று. ஜனவரியில் குளிர் மைனஸ் முப்பதைத் தொட்டதும் இந்தக் கார் வம்பு ஆரம்பித்தது. ஆலை நாற்பது கிலோமீட்டர். பஸ் கிடையாது.

அவர்கள் குடியிருந்தது இரட்டை வீட்டின் ஒரு பாதியில். மறு பாதியில் குன்வோர் இருந்தாள். அறுபதைத் தாண்டியவள், விடியுமுன்னே கிளம்பிச் செய்தித்தாள் போடுகிறவள். அவளிடம் ஒரு சிவப்புப் பெட்ரோல் கார். கதவெல்லாம் துரு. மூக்குக்குக் கீழே ஒரு வயர் நாய் நாக்கு மாதிரி வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். குடல் சரிந்த வண்டி என்று ஸ்டைனார் அதைக் கிண்டல் செய்வான். ஆனால் தினமும் அவன் வாசலுக்கு வரும்போது அந்தக் குடல் சரிந்த வண்டி எப்போதோ போயிருக்கும். பனியில் அது நின்ற இடம் மட்டும் கறுப்பாகத் தெரியும்.

இருக்கிற சார்ஜை மிச்சம் பிடிக்க முதலில் ஹீட்டரை நிறுத்திவிட்டு ஓட்டிப் பார்த்தான். அவன் விட்ட மூச்சே கண்ணாடியில் உள்பக்கம் பனியாக உறைந்தது. வழியில் நிறுத்தி நிறுத்தி மீன்பிடி அனுமதி அட்டையால் சுரண்டினான். அட்டை இரண்டாக உடைந்தது. ஆலைக்குள் நுழைந்தபோது ரம்பங்கள் ஓட ஆரம்பித்துவிட்டன.

மேற்பார்வையாளன் எஸ்பென் வாசலிலேயே நின்றிருந்தான். அவனுக்கு ஸ்டைனாரின் மகன் வயது.

"என்ன மழைக்காரா, உங்க ஊர்ல குடையை விரிச்சா வேலைக்கு வந்துடலாம். இங்க அப்படி இல்ல."

"வண்டி சார்ஜ் ஏறலப்பா."

"அது வண்டியோட கதை. நான் உன் கதையைக் கேட்டேன்."

அடுத்த நாள் சீக்கிரமே எழுந்து, கடைத்தெருவில் இருந்த வேக சார்ஜருக்குப் போனான். அங்கே ஒரு வரிசை. பனி விடுமுறைக்குத் தலைநகரத்திலிருந்து கிளம்பி, விடிய விடிய ஓட்டி வந்த கூட்டம். கூரையில் பனிச்சறுக்குக் கட்டைகள், பின் சீட்டில் தூங்கும் பிள்ளைகள். முதல் வண்டிக்காரன் கம்பளி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தொத்திறைச்சி தின்றபடி சாவகாசமாக நின்றான்.

"தொண்ணூறைத் தாண்டிடுச்சே, வண்டியை எடுய்யா!" என்றான் ஸ்டைனார்.

"இன்னும் பன்னெண்டு நிமிஷம் ஆகும்னு போன்ல காட்டுதே."

"பன்னெண்டு நிமிஷத்துல எனக்கு வேலை போயிடும்."

"ஐயோ. அப்ப நீங்க நேத்து ராத்திரியே வீட்டுல சார்ஜ் போட்டிருக்கணும்."

ஸ்டைனார் அவனை அடிக்கவில்லை. அடிக்காமல் இருக்க என்ன பாடுபட்டான் என்பது அவன் கைகளுக்குத்தான் தெரியும். கைகளைக் கோட்டுப் பைகளுக்குள் விட்டு, தையல் பிரியும் வரை முறுக்கினான்.

அன்றும் தாமதம். எஸ்பென் இந்த முறை கிண்டல் செய்யவில்லை.

"இதோ பார் ஸ்டைனார், உன் கைவேலையில குறையே சொல்ல முடியாது. ஆனா மேலே கேக்குறாங்க. இன்னொரு தடவை லேட்டா வராதே. வந்தாலும் உள்ளே வராதே."

காரை ஒர்க் ஷாப்பில் விட்டான். இரண்டு நாள் மரலாரி ஓட்டுநர்களிடம் கெஞ்சி, கட்டைகளோடு கட்டையாக ஆலைக்குப் போய் வந்தான். ஒர்க் ஷாப்பின் கதகதப்பான கொட்டகையில் கார் மூக்கு முட்டச் சார்ஜ் ஏறிக்கொண்டு நின்றது.

மெக்கானிக் கம்ப்யூட்டரைத் தட்டினான். "கார் சொக்கத் தங்கம். கரண்ட் நடுவுல நடுவுல நிக்குதுன்னு காட்டுது. உங்க வீட்டு லைன்தான் கோளாறு."

மறுநாள் வேலை முடிந்து வந்த பிறகு எலக்ட்ரீஷியன் வந்தான். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவரில் இருந்த அந்த ஒற்றைப் பிளக் பாயிண்டில் கம்பியை விட்டான், மீட்டரைப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான்.

"லைன் சொக்கத் தங்கம். காரைத்தான் பாக்கணும்."

"ரெண்டுமே தங்கம்னா நான் ஏன்டா லாரி லாரியாத் தொத்திட்டுப் போறேன்?"

"குளிருங்க. இந்தக் குளிர்ல பேட்டரி அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அவன் பையை எடுத்துக்கொண்டு போனான்.

காற்றில் பிளக் ஆடி ஆடி நழுவுகிறதோ என்று ஸ்டைனாருக்குச் சந்தேகம். அன்று ராத்திரியே அதைச் சுவரோடு சேர்த்துக் கறுப்பு டேப்பால் சுற்றோ சுற்றென்று சுற்றினான். கப்பலில் குழாய் கட்டுகிற கட்டு. காலையில் பார்த்தால் டேப் அவன் சுற்றியதைவிட நேர்த்தியாக, சுருக்கமே இல்லாமல் ஒட்டியிருந்தது. மாரித் பொறுப்பாக வந்து சரிசெய்திருக்கிறாள் என்று நினைத்து ஒரு கணம் நெகிழ்ந்தான். பிறகு காருக்குள் ஏறிச் சார்ஜைப் பார்த்தான். நெகிழ்ச்சி போய்விட்டது. முந்தைய நாளைவிடக் குறைவு.

சார்ஜை மிச்சம் பிடிக்க, எதிர்காற்று படாமல் வழியெல்லாம் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, கடைசிச் சொட்டுச் சார்ஜில் ஆலை வாசலைத் தொட்டான். நேரத்துக்குத்தான்.

மதியம் சாப்பாட்டு அறையில் எல்லாரும் ரொட்டி டப்பாவைத் திறந்தார்கள். பழுப்புப் பாலாடைக்கட்டி வாசனை. ஸ்டைனார் டப்பாவை மேஜையில் ஓங்கி வைத்தான்.

"போதும். நான் பெட்ரோலுக்கே போறேன்."

எல்லாரும் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

"இந்த நாட்டுல கரண்ட் காரை விட்டுட்டு எவனாவது பெட்ரோலுக்குத் திரும்பிப் போவானா?" என்றான் ரம்பக்காரன்.

"போவான். இதோ உக்காந்திருக்கான்."

"அடுத்து என்ன, குதிரையா?"

"குதிரைக்கு வயர் வேண்டாம்ல? அதுவே மேல்" என்றான் ஸ்டைனார். "சுத்தமான காத்து, பூமி, பேரப்பிள்ளைங்கன்னு சொல்லித்தான் என் தலையில கட்டினாங்க. சொன்னவன் எவனும் விடியக்காலைல இந்தக் காட்டு வழியில வேலைக்குப் போறதில்ல. சூடான கட்டடத்துக்குள்ள காரை நிறுத்திட்டு, சூடான நாற்காலியில உக்காந்துக்கிறான். வேலை போகப்போறது எனக்கு!"

ரம்பக்காரன் தன் காப்பியில் பாதியை அவன் கோப்பையில் ஊற்றினான்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டைனார் குன்வோரின் கதவைத் தட்டினான். மாரித் பின்னாலேயே சால்வையோடு ஓடி வந்தாள்.

"குன்வோர், உன் வண்டியை எனக்குக் குடு. என் வண்டியை நீ எடுத்துக்க. மேலே ஒண்ணும் வேண்டாம்."

குன்வோர் வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்தாள். கரண்டியோடு அப்படியே நின்றாள். "விளையாடுறியா? உன்னோடது நல்ல வண்டியாச்சே!"

"அதான் எடுத்துக்கன்னு சொல்றேன்."

"குன்வோர், இவன் கோபத்துல பேசுறான். நாளைக்கு அழுவான்" என்றாள் மாரித்.

"நாளைக்கு லேட்டாப் போனாத்தான் அழணும்!" என்று கத்தினான் ஸ்டைனார். "குன்வோர், நீயே சொல்லு. இந்தக் குளிர்ல உன் வண்டி ஒரு நாளாவது காலைல மக்கர் பண்ணியிருக்கா?"

"ஒரு நாளும் இல்ல."

"கேட்டியா மாரித்? துருப்பிடிச்ச டப்பா! ஒரு நாளும் இல்லையாம்! என்ன மாயம் பண்றே குன்வோர்?"

"மாயமா? இங்க எல்லாரும் பண்றதுதான்" என்று ஆரம்பித்தாள் அவள். ஆனால் ஸ்டைனார் அதற்குள் மாரித்தின் பக்கம் திரும்பி, உழைக்கிறவனுக்கு எது வண்டி, எது பொம்மை என்று விளக்கத் தொடங்கிவிட்டான்.

குன்வோர் தோளைக் குலுக்கினாள். பெட்ரோல் விற்கிற விலையில் அவளுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. மேஜையிலேயே இருவரும் போனில் வண்டிகளின் பதிவை ஒருவர் பெயரிலிருந்து மற்றவர் பெயருக்கு மாற்றிக்கொண்டார்கள். ஸ்டைனார் ஒரே மூச்சில் மூன்று வாஃபிள் தின்றான். குளிர்காலம் தொடங்கியதிலிருந்து அவன் சிரித்தது அன்றுதான்.

வெளியே வந்தார்கள். சிவப்பு வண்டியை ஒருமுறை முடுக்கிப் பார்த்தான். கடகடவென்று உறுமியது. அந்தப் புகையைக்கூட ஆசையாக மூச்சில் இழுத்தான். பிறகு நேரே போய், சுவரிலிருந்து தன் பழைய சார்ஜ் வயரைப் பிடுங்கி, பாம்பைச் சுருட்டுவதுபோல் சுருட்டிக் குன்வோரின் கையில் திணித்தான்.

"இந்தா, உன் தலைவலி. வயராம், பிளக்காம், டேப்பாம்! இனி செத்தாலும் இந்தச் சுவத்துப் பக்கம் வரமாட்டேன். மனுஷன்னா சாவியைத் திருகினோமா, கிளம்பினோமான்னு இருக்கணும்."

குன்வோர் கையிலிருந்த வயரைப் பார்த்தாள். சிவப்பு வண்டியின் மூக்குக்குக் கீழே தொங்கிய நாக்கைப் பார்த்தாள். பிறகு சாவியை அவன் உள்ளங்கையில் வைத்து, அன்பாக விரல்களை மூடிவிட்டாள்.

"நல்லா ஓட்டு ஸ்டைனார், ஆனா முன்னால தொங்குற இந்த வயரை ராத்திரி சுவத்துல சொருக மறந்துடாதே, எஞ்சினுக்குச் சூடு ஏத்தாம விட்டா இந்தக் குளிர்ல காலைல இதுக்கு உசுரே வராது, இருக்கிறது ஒரே பிளக்குங்கிறதால இத்தனை நாளா நீ படுத்ததும் உன்னோடதைப் பிடுங்கிட்டு இதைச் சொருகுவேன், கிளம்புறப்ப உன்னோடதை மறுபடி மாட்டிட்டுப் போவேன், இனிமே நீ என்னோடதைப் பிடுங்கிக்க, நான் டேப்பெல்லாம் சுத்தி வைக்கமாட்டேன்."