தெருவுக்கு என்ன வேணும்?

"லைட்டா? நான் எப்ப சார் லைட்டு கேட்டேன்?" என்றார் ஹார்டுவேர் கடைக்காரர், கூசாமல்.

சர்வே சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன வாரம் இதே மனிதர்தான் இதே ஸ்டூலில் உட்காரவைத்து, "தெருவிளக்கு மட்டும் வரட்டும், பொழச்சுக்குவோம்" என்று உருகினார்.

கடைவீதிக்கு எதைச் செய்துகொடுத்தால் வியாபாரம் வளரும் என்று வியாபாரிகளையே கேட்டுச் சொல்வது சர்வே சாரின் வேலை. நகராட்சி தந்த தற்காலிக வேலை. கணக்கெடுப்பு முடிந்தால் அதுவும் முடிந்தது. ஆனால் அதிகாரி அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "எல்லாரும் ஒத்துக்கிட்ட ஒரே கோரிக்கையோட வாங்க. உங்களை நிரந்தரமாக்க நானே எழுதறேன்" என்று சொல்லியிருந்தார்.

இதைச் சர்வே சார் தன் மனைவியிடம் மூச்சுவிடவில்லை. உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால் அவள் முகம் எப்படி மலரும் என்று பார்க்க ஆசை. பாவம், அவளும் எத்தனை வேலை போனதைப் பார்த்துவிட்டாள்!

"சரி, லைட்டு வேணாம். வேற என்ன வேணும்?"

"மருந்துக்கடை அம்மாவைக் கேளுங்க. அவங்க சொன்னா சரி."

மருந்துக்கடை அம்மா, "வண்டி நிறுத்த இடம் வேணும்" என்றார். அப்பாடா என்று ஹார்டுவேருக்கு ஓடினால், "வண்டி நிறுத்தவா? என் கடை வாசலையே மறைச்சிடுவாங்க சார்!" என்று குதித்தார். சலூன்காரரோ கத்தரிக்கோலை நிறுத்தாமலே, "தெரு இப்படியே இருக்கட்டும், அதான் அழகு" என்றார். சலூன் வாசலில் சாக்கடை தேங்கி நின்றது. சர்வே சார் அதைத் தாண்டித்தான் உள்ளே வந்திருந்தார்.

மனிதர்களுக்குத் தங்களுக்கு என்ன வேண்டும் என்றுகூடவா தெரியாது? யோசிக்க யோசிக்க அவருக்கு வருத்தமாக இருந்தது. தன்னைக் கேட்டால் மட்டும் சட்டென்று சொல்லிவிடுவாரா என்ன? ஆனால் சொல்லிவிடுவார்: நிரந்தர வேலை.

வீட்டில் மனைவி கேட்டாள்: "சர்வே முடியப் போகுதா?"

"எங்க? ஆளுக்கொண்ணு சொல்றாங்க."

"அப்படியா!" அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்த மாதிரி இருந்தது. "ஒண்ணும் அவசரமில்லைங்க. நிதானமாவே பண்ணுங்க."

இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டார்.

தனித்தனியாகக் கேட்டால்தானே குழப்பம்? எல்லாரையும் பேக்கரி மாடிக்கு வரவழைத்தார். அதிகாரியையும் அழைத்துவிட்டார். அங்கேதான் வினையே.

"லைட்டு!" என்றார் ஹார்டுவேர்.

"நேத்து வேணாம்னீங்களே!"

"அது நேத்து சார்."

மருந்துக்கடை அம்மா இப்போது நிழற்குடை கேட்டார். சலூன்காரர் நிழற்குடை வந்தால் கடையை மூடிவிடுவேன் என்றார். பேக்கரிக்காரர் இருவரையும் ஆதரித்தார். அதிகாரி கையிலிருந்த பப்ஸ் உதிர்ந்துகொண்டே இருந்தது.

"என்னய்யா சர்வே இது?" அவர் எழுந்தார். "கை கழுவிட்டு வர்றேன். அதுக்குள்ள எல்லாரும் ஒரே பதில் சொல்லணும். இல்லேன்னா இந்த வேலையே உங்களுக்குக் கிடையாது."

அதிகாரி தலை மறைந்ததும் சர்வே சாருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "உங்களுக்கெல்லாம் நான் என்ன கெடுதல் பண்ணேன்?" என்றார்.

வியாபாரிகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். சலூன்காரர் நாற்காலியை அருகில் இழுத்துப்போட்டு, சர்வே சாரின் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார்.

"பயப்படாதீங்க சார். சர்வே முடிஞ்சா உங்க வேலை போயிடும்னு உங்க வீட்டம்மா கடை கடையா வந்து அழுதாங்க. நாங்க இருக்கிற வரைக்கும் இதை முடிய விட்டுடுவோமா?"