அஷ்டமியில் போடாத ஊசி

எதற்கும் நாள் பார்ப்பவன் நான். அதில் எனக்கு வெட்கமெல்லாம் கிடையாது. கார் எடுக்க நாள் பார்த்தேன், வேலைக்காக வந்த வெளிநாட்டில், ஏவன்டேல் வாடகை வீட்டுக்குப் பால் காய்ச்சவும் நாள் பார்த்தேன். ஊசிக்குப் பார்த்ததில்தான் மானம் போயிற்று.

ஆபீஸ் வேலையாக ஐந்து நாள் கென்யா. அங்கிருந்து நேரே சென்னை. மறுநாள் காலை தங்கை மீனாவின் கல்யாணம். நான் ஒரே அண்ணன். “பொரி நீதான் இடணும்” என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கென்யா என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வேண்டும். ஒரு திங்கட்கிழமை எல்லர்ஸ்லியில் ஆபீஸுக்குப் பக்கத்து கிளினிக்குக்குப் போனேன். டாக்டரம்மா யாழ்ப்பாணத்துக்காரர்.

“நுளம்பு கடிச்சு வாற வருத்தம், தம்பி. (கொசுவைத்தான் சொல்கிறார்.) காய்ச்சல், முதுகு நோ, சத்தி. (வாந்தி.) பிறகு சுகமான மாதிரி இருக்கும். சிலருக்குத் திரும்பி வரும். கண் மஞ்சளாகும், வாயால மூக்கால ரத்தம் போகும். அதுக்கெண்டு தனி மருந்து இல்லை. ஊசி ஒண்டுதான், ஆயுசுக்கும் போதும். இண்டைக்கே போடுவம்.”

“இன்னைக்கு வேண்டாம் டாக்டர். அஷ்டமி.”

“நுளம்புக்கு அஷ்டமி தெரியுமோ? ஊசி போட்டுப் பத்து நாள் போனாத்தான் சான்றிதழ் செல்லும். பிந்தினா இந்தியாவில மறிச்சு வச்சிருவினம்.”

“அதெல்லாம் நான் பாத்துக்கிறேன்” என்றேன். (எதைப் பார்த்தேன்? காலண்டரைத்தான்.) செவ்வாய் நவமி. புதன் எனக்குச் சந்திராஷ்டமம். வியாழன் காலை நல்ல நேரத்தில் ராஜா மாதிரி கையை நீட்டினேன்.

சென்னையில் இறங்கியபோது ஊசி போட்டு எட்டு நாள்தான் ஆகியிருந்தது. விமான நிலைய அதிகாரி மஞ்சள் அட்டையை வாங்கி விரல்விட்டு எண்ணினார்.

“ரெண்டு நாள் குறையுது சார். தனி வார்டுல இருந்துட்டுப் போங்க.”

“நாளைக்கு என் தங்கச்சி கல்யாணம் சார்! காய்ச்சலே இல்ல, தொட்டுப் பாருங்க!”

“இன்னைக்கு இல்ல. கொசு கடிச்சிருந்தா ஆறு நாளுக்குள்ள வரலாம்ல?”

கத்தினேன், கெஞ்சினேன், மந்திரியைத் தெரியும் என்று புளுகினேன். ஒன்றும் பலிக்கவில்லை. மறுநாள் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு கொசுவலைக்குள் உட்கார்ந்து போனில் கல்யாணம் பார்த்தேன். பொரி இட்டவன் சித்தப்பா மகன். மீனா அப்போதும் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்காக விட்டுக்கொடுத்துவிடுவேனா? இன்றைக்கும் யாராவது பேச்செடுத்தால் நெஞ்சை நிமிர்த்திக் கேட்பேன்: “நல்ல நேரத்துல போட்ட ஊசி. எனக்கு அந்தக் காய்ச்சல் வந்துச்சா?”

உடனே மொத்தக் குடும்பமும் மீனா பக்கம் திரும்பும். அவளும் சளைக்காமல் சொல்வாள்:

“வரலண்ணா. நீயும்தான் வரல.”