சபை வானொலியும் ஏரியல்காரரும்

மலைநாட்டில் மழையோடு சண்டை போட்டவர்கள் உண்டு, அட்டையோடு சண்டை போட்டவர்கள் உண்டு, துரைமாரோடு சண்டை போட்டவர்களும் உண்டு. காற்றில் போகும் அலைகளை மறித்து நாள்தோறும் குறுக்கு விசாரணை செய்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவரை எல்லோரும் ஏரியல்காரர் என்றார்கள். முறைப்பாட்டுக் கடிதங்களின் அடியில் அவர் தம் சொந்தப் பெயரை எழுதியிருக்கக்கூடும். ஆனால் அந்தக் கையெழுத்தை எங்கள் பிரதேச சபைக் காரியாலயத்தில் எவராலும் கடைசிவரை வாசிக்க முடியவில்லை.

தேயிலைத் தொழிற்சாலையில் மின்வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். தோட்டத்தின் மேற்பிரிவான மேற்கணக்கில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் கடைசிக் காம்பராவில் குடியிருந்தார். அந்தக் காம்பராவின் தகரக் கூரைமேல் மூங்கில் கழிகளும் குடைக் கம்பிகளும் ஒரு சைக்கிள் சக்கரமும் நின்றன. லயம் முழுவதும் உட்காரும் காக்கைகள் அந்தக் கூரையில் மட்டும் உட்காரத் தயங்கும். அவர் எங்கே போனாலும் இரண்டு பெட்டிகள் கூடவே போகும். இடது காதுக்குச் சாதாரண ரேடியோ. வலது காதுக்குத் தோட்டத்து லொறிகளில் இருந்து கழித்துப் போட்ட ஒரு வோக்கி டோக்கி, அவரே பிரித்துத் திருத்தியது. இரண்டு காதிலும் வயர் தொங்க அவர் பஸாரில் நடந்தால், தேநீர்க்கடைப் பையன்கள் அவரை டொக்டர் என்று கூப்பிடுவார்கள். அவர் பதில் சொன்னதில்லை. காது இரண்டும் வேலையில் இருந்தன.

அந்தக் காதுகள் காவல் காத்தது எங்கள் பிரதேச சபையின் வானொலியை. எந்தச் சபை என்று சொல்லப் போவதில்லை. நான் அங்கே மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். தண்ணீர் வராத நாள், பாதை அடைப்பு, மண்சரிவு எச்சரிக்கை போன்றவற்றை மக்களுக்கு அறிவிக்க, இரண்டு பள்ளத்தாக்குகளுக்கு மட்டும் எட்டும்படியான ஒரு சிறு வானொலியைச் சபை நிறுவியிருந்தது. நாளுக்கு ஒரு முறை, மாலை நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் சிங்களம். அடுத்த ஐந்து நிமிடம் தமிழ். தமிழை வாசித்தவள் நான். எங்கள் கட்டடம் மலையின் அடிவாரத்தில் இருந்ததால், எங்கள் குரல் முதலில் ஒரு சின்ன அலையில் மலையுச்சிக் குடிசைக்கு ஏறும். அங்கே உள்ள ஒலிபரப்புப் பெட்டி அதை வாங்கி ஊருக்குப் பரப்பும். முதலில் ஏறும் அந்த அலைக்கு இணைப்பு அலைவரிசை என்று பெயர். அதை எவரும் கேட்க வேண்டியதில்லை, எவரும் கேட்பதும் இல்லை என்றுதான் சபை நினைத்திருந்தது.

ஏரியல்காரரின் வலது காது கேட்டது அதைத்தான்.

புதன்கிழமை எங்களுக்குப் பொதுமக்கள் நாள். காரியாலயத்தின் கதவு திறப்பதற்கு முன்பே அவர் வாசலில் நிற்பார். முதல் புதன்கிழமையே என் மேசைக்கு வந்து, திங்களன்று நான் இரண்டாம் தாளைப் புரட்டிய சத்தம் மழை பெய்ததுபோல் இருந்ததென்றும், செவ்வாயன்று இருமிவிட்டு மன்னிப்புக் கேட்கவில்லையென்றும் குற்றஞ்சாட்டினார். இன்னொரு புதனில், 'அவதானமாக இருங்கள்' என்று சொல்லும்போது என் குரலிலேயே அவதானம் இல்லை என்றார். நான் பொறுமைசாலி என்று பெயர் வாங்கியவள். அந்தப் பெயரை அவர் வாரம் ஒருமுறை சோதித்தார்.

அவருடைய கடிதங்களில் மட்டும் இருமல் இல்லை, தாள் சத்தம் இல்லை. எல்லாக் கடிதத்திலும் ஒரே முறைப்பாடுதான். தமிழ் அறிவித்தல் இணைப்பு அலையில் ஏறுகிறது, ஊருக்கு இறங்கவில்லை. மலைக் குடிசையைப் போய்ப் பார்க்க அனுமதி தேவை.

சபை அதை ஆராயாமல் விட்டுவிடவில்லை என்பதைப் பதிவு செய்ய வேண்டும். தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒரு நாள் நான்கு மணிக்கு ஒலிப்பதிவு அறைக்கே வந்து, மேசையில் இருந்த ஒலிபெருக்கியில் என் குரலைக் கேட்டார். கணீரென்று வருகிறது என்று எழுதிக் கையொப்பமிட்டார். அந்த ஒலிபெருக்கி என் ஒலிவாங்கியோடு நேரே பூட்டியிருந்தது. மலையே இல்லாமல் போனாலும் அது கணீரென்றுதான் பேசியிருக்கும். 'தங்கள் முறைப்பாடு ஆராயப்பட்டது. குறைபாடு எதுவும் காணப்படவில்லை. அனுமதி வழங்குவதற்கில்லை' என்ற பதிலைச் செயலாளர் சிங்களத்தில் எழுதினார். அதைப் பிழையில்லாத தமிழில் ஆக்கி அனுப்பியவள் நான். மூன்று முறை அனுப்பினேன். நான் குடியிருந்தது ஹட்டனில். எங்கள் வானொலி அத்தனை தூரம் எட்டாது. நான் வாசிக்கும் நேரத்தில் நானே வெளியில் நின்று கேட்கவும் இயலாது. இவை காரணங்கள்தாம். சமாதானங்கள் அல்ல.

இருந்தும், இரண்டு பள்ளத்தாக்குத் தமிழர்களில் வேறு எவரும் ஏன் முறையிடவில்லை? இந்தக் கேள்வியை நான் பின்னாளில் லயத்துப் பெண்களிடம் கேட்டேன். கொழுந்துக் கூடையை இறக்கிக்கொண்டே ஒருத்தி சொன்னாள்: "அது சிங்கள ரேடியோன்னு நெனச்சோங்க மிஸ். நமக்கும் போடுவாங்கன்னு யாரு கண்டா?" அவள் குரலில் கோபம் இல்லை. அந்தக் கோபமின்மைதான் என்னை இன்றுவரை எரிக்கிறது. தனக்கு வர வேண்டியது வரவில்லை என்று சந்தேகப்படக்கூட ஓர் ஊருக்கே பழக்கமில்லாதபடி செய்து வைத்திருக்கிறோம்.

ஆக, அத்தனை பேருக்கும் சேர்த்து ஏரியல்காரர் ஒருவரே கோபப்பட்டார். நான்கு பத்துக்கு வலது காது வயரைக் கழற்றிவிட்டு, பெண்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்கு வந்து, நான் வாசித்ததை என் ஏற்ற இறக்கத்தோடு உரத்துச் சொல்வாராம். நாளை குப்பை ட்ரக்டர் வராது என்பார். வராது. வியாழன் தண்ணீர் நிற்கும் என்பார். நிற்கும். மக்கள் அதைக் கேட்டு வியந்தார்களே தவிர நம்பவில்லை. ரேடியோ சொல்லாததை ரேடியோ சொன்னதாகச் சொல்கிறவரை எப்படி நம்புவது? சிலர் அவருக்கு அருள் இறங்குவதாக முடிவு கட்டி, பிள்ளைகளின் பரீட்சை முடிவைக் கேட்டு வந்தார்கள். அவர்களை அவர் பீலிக்கரையிலிருந்து விரட்டிவிட்டார்.

அந்த மழை மூன்றாம் நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு மேலிடத்திலிருந்து தகவல் வந்தது: மேற்கணக்கின் மூன்று லயங்களும் மண்சரிவு அபாயத்தில் உள்ளன, மாலை ஆறு மணிக்குள் அனைவரும் பாடசாலைக்குப் போய்விட வேண்டும். பஸாரையும் சிங்களக் கிராமங்களையும் பற்றிய தகவல்கள் சிங்கள அறிவித்தலில் போயின. லயங்களின் பெயர்களைத் தமிழில் மட்டும் சொன்னால் போதும், அங்கே இருப்பவர்கள் அதைத்தானே கேட்பார்கள் என்று செயலாளர் சொன்னார். நியாயமாகத்தான் பட்டது. நான்கு ஐந்துக்கு நான் ஒவ்வொரு லயத்தின் பெயரையும் இருமுறை, நிறுத்தி வாசித்தேன். அன்று நான் இருமவில்லை.

மழையால் தாமதமான ஹட்டன் பஸ்ஸில், ஐந்து மணிக்குச் சற்று முன்பாக, நான் காலை வைத்த வேளையில் என் கைத்தொலைபேசி அடித்தது.

"மிஸ், நான் மலை மேல குடிசைல நிக்கிறேங்க," என்றார் ஏரியல்காரர். மூச்சு வாங்கியது. "பொட்டிக்கும் கேத்தலுக்கும் இங்க ஒரே ப்ளக். நாலு அஞ்சானா நம்ம சத்தத்தப் புடுங்கிட்டு இந்தக் காவக்காரரு தேத்தண்ணிக்கு வைக்கிறாரு."

பஸ்ஸிலிருந்து காலை எடுத்தேன். "அப்போ இன்னைக்கு நான் வாசிச்சது?"

"வெளிய போகல. இன்னைக்கு மட்டும் இல்லங்க, ஒரு நாளும் போகல."

நான் தமிழ் வாசிக்கத் தொடங்கிப் பதினான்கு மாதங்கள். தேயிலை விளையும் மலையில், தேநீர் போடுவதற்காக, அந்தத் தேயிலையைப் பறிப்பவர்களின் மொழியைச் சுவரிலிருந்து பிடுங்கி வைத்திருக்கிறோம்.

"லயத்துல எவ்வளவோ சொன்னேன். ரேடியோ சொல்லட்டும், போறோம்ங்கிறாங்க. நீங்க திரும்பி வாசிங்க மிஸ். ப்ளக்க நான் புடிச்சிக்கிறேன்."

"கையாலயா ஐயா?"

"பழசு, ஆடுது. அத நான் பாத்துக்கிறேன். நீங்க ஓடுங்க."

ஓடினேன். அறிவித்தல் எதையும் சபைத் தலைவரான தவிசாளரின் ஒப்பமின்றி வாசிக்கக் கூடாது என்பது விதி. தவிசாளர் வீட்டுக்குப் போய்விட்டார். நான் அறையைத் திறப்பித்து, ஐந்து பத்திலிருந்து ஐந்தரை வரை, அதே தாளைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். மேற்கணக்கில் யாரோ ஒருவர் ரேடியோவைத் திருகியிருக்கிறார். அதில் தம் லயத்தின் பெயர் தமிழில் வந்ததைக் கேட்டு மற்றவர்களைக் கூப்பிட்டிருக்கிறார். மூன்று லயத்து மக்களும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, கோழிகளைக் கூடையில் போட்டுக்கொண்டு பாடசாலைக்கு இறங்கினார்கள். ஒரு மணி நேரத்துக்கு முன்பு அதே செய்தியைத் தொண்டை கிழியச் சொன்ன மனிதரை எவரும் நம்பியிருக்கவில்லை. பெட்டி சொன்னதும் நம்பினார்கள்.

குடிசைக் காவலாளியைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. சிங்கள அறிவித்தல் முடிந்ததும் பெட்டியை நிறுத்த வேண்டும் என்று சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அது தமிழ் வாசிப்பதற்கு என்னை நியமிக்கும் முன்பு எழுதிய தாள். அதை மாற்ற எவருக்கும் தோன்றவில்லை. அவரோ சொன்னதைச் சொன்னபடி செய்பவர். விஷயம் விளங்கியதும் அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாராம். பிறகு எழுந்து, இரண்டு கையாலும் ப்ளக்கைச் சுவரோடு அழுத்திக்கொண்டு நின்ற ஏரியல்காரரின் வாயருகே கோப்பையைப் பிடித்து, அரை மணி நேரம் வாய் வாயாகத் தேநீர் புகட்டியிருக்கிறார். அந்தத் தேநீரில் சாயமே இல்லை என்று ஏரியல்காரர் மறு புதன்கிழமை முறைப்பாடு எழுதிக் கொடுத்தார்.

விடிந்தபோது கடைசி லயத்தின் நான்கு காம்பராக்கள் மண்ணுக்கடியில் இருந்தன. அவருடைய காம்பராவும், கூரைமேல் நின்ற ஏரியல்களும் அவற்றில் அடக்கம். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

சபை உடனே விசாரணை வைத்தது. ஒரே ப்ளக்கைப் பற்றி அங்கே எவரும் கேட்கவில்லை. ஒப்பமின்றி வாசித்ததற்கு என்னிடம் விளக்கம் கேட்டார்கள். அதைவிடப் பெரிய குற்றம் ஒன்று கிடைத்திருந்தது: சபையின் இணைப்பு அலைவரிசையை வெளியாள் ஒருவர் பதினான்கு மாதங்கள் ஒட்டுக் கேட்டிருக்கிறார். சபை பேசியது ஊருக்குக் கேட்காததில் அவர்களுக்கு வருத்தம் இல்லை. ஒருவருக்குக் கேட்டுவிட்டதில்தான் அத்தனை பதற்றம். இனி ஒருபோதும் அந்த அலையைக் கேட்பதில்லை என்று ஏரியல்காரர் எழுதித் தர வேண்டும் என்றார்கள். உறுதிமொழி சிங்களத்தில் தயாராக இருந்தது.

பாடசாலையில் யாரோ கொடுத்த, தோளுக்குப் பெரிதான ஒரு சட்டையை அவர் அணிந்திருந்தார். காதுகளில் வயர் இல்லை. வயர் இல்லாமல் அவரை நான் அன்றுதான் பார்த்தேன். வயதானவராகத் தெரிந்தார். மொழிபெயர்த்துச் சொல்லும்படி செயலாளர் தாளை என்னிடம் தள்ளினார். ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன்.

அவர் கேட்டுவிட்டுச் செயலாளரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "அப்ப மிஸ் வாசிக்கிறது வெளிய வருதான்னு இனி யாருங்க பாக்கிறது?"

நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். செயலாளர் பேனாவை நீட்டினார்.

"நீங்களே சொல்லுங்க மிஸ்," என்றார் ஏரியல்காரர். "போடட்டுமா?"

மொழிபெயர்ப்பாளர் தன் சொல்லைச் சேர்க்கக் கூடாது. இருபது வருட உத்தியோகத்தில் நான் அதை மீறியது அன்று ஒரு முறைதான். "வேணாங்கய்யா," என்றேன்.

அவர் பேனாவை மெதுவாக மூடி, மேசையில் வைத்துவிட்டு, எழுந்து போனார். மறுநாள் மாலை நான்கு ஐந்துக்கு நான் ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்தேன். பெட்டியின் ப்ளக்கைக் காவலாளி இப்போது தொடுவதில்லை, இரண்டு பள்ளத்தாக்குகளும் கேட்டுக்கொண்டிருந்தன. நான் அவர் ஒருவருக்காகத்தான் வாசித்தேன்.