தங்கள் தங்கையின் முழங்கை பற்றி

லாபிஸ்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும்.

அன்பும் மதிப்பும் நிறைந்த மச்சான் டெஸ்மண்ட் அவர்களுக்கு, ரேமண்ட் எழுதுவது. ஆண்டவர் அருளாலும், என் கட்டிலருகே குட்டி மேசைமேல் உட்கார்ந்து விடிய விடியக் காற்று ஊதும் ஒரு பெட்டியின் உழைப்பாலும் நான் நலம். கெலாங் பாத்தாவில் தாங்களும் அக்கா கிறிஸ்டினும் நலமாயிருக்க வேண்டுகிறேன். போனில் சொல்லலாமே என்பீர்கள். சொல்ல ஆரம்பித்தால் நீங்கள் சிரிப்பீர்கள், நானும் சிரித்துவிடுவேன், விஷயம் போய்விடும். முப்பது வருடம் தலைமையாசிரியராகக் கடிதம் எழுதித் தேய்ந்த கை, ஆகவே எழுத்திலேயே தருகிறேன்.

எங்கள் மகள் மெலிசாவின் கல்யாண விருந்தில், பத்துப் பேர் முன்னால், "ஒங்க தங்கச்சி தூக்கத்துல முழங்கையால இடிக்கிறா மச்சான், விலா எலும்பே போச்சு" என்று நான் தங்களிடம் முறையிட்டது நினைவிருக்கும். அந்தப் புகாரை இக்கடிதத்தின் மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். காரணம் பின்வருமாறு.

சென்ற மாதம் சிகாமட்டுக்குப் போகும்போது, பட்டப்பகலில், ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே தூங்கிவிட்டேன். பக்கத்திலிருந்த தங்கள் தங்கை வினிஃப்ரெட் "என்னாங்க!" என்று கத்தி ஸ்டீயரிங்கை ஒடித்ததில் கார் ரோட்டை விட்டிறங்கி, ஒரு செம்பனை மரத்துக்கு இரண்டு முழம் முன்னால் நின்றது. நான் கண்ணைத் திறந்து, "வந்தாச்சா?" என்று கேட்டேனாம். அவள் இறங்கி வந்து என்னைப் பக்கத்து இருக்கைக்குத் தள்ளிவிட்டு அவளே ஓட்டினாள். ஜொகூர் பாருவில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். தலையிலிருந்து கால்வரை ஒயர் ஒட்டி, "இப்ப இயல்பா தூங்குங்க" என்றார்கள். அப்படியும் தூங்கினேன், அதுதான் என் வியாதியே.

மறுநாள் அங்கே வேலை பார்க்கும் லோஷினி என்ற பெண், மெலிசாவைவிடச் சின்னவள், கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். "அங்கிள், ஒரு மணி நேரத்துல அம்பத்திரண்டு தடவ ஒங்க மூச்சு நிக்குது."

"நின்னா நான் எப்படிம்மா இங்க ஒக்காந்திருக்கேன்?"

"ஒவ்வொரு தடவையும் மூளை எழுப்பி விட்டுருது. நீங்க தூங்குறதா நெனச்சுக்கிட்டு இருக்கீங்க, அவ்ளோதான்."

வினிஃப்ரெட் கைப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "மூளை எழுப்பாதப்ப நான் எழுப்புவேன். மூச்சு நின்னா எண்ணுவேன். பத்து வரைக்கும் பாப்பேன், வரலன்னா முழங்கையால ஒரு இடி. ஒடனே வந்துரும்."

"எத்தனை நாளா, ஆன்ட்டி?"

"மெலிசா பொறந்ததிலேர்ந்து."

மச்சான், மெலிசாவுக்கு முப்பத்தொன்று. கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

பிறகு, மூச்சு அடைபடாமல் இரவு முழுதும் காற்று ஊதும் அந்தப் பெட்டியைக் கொடுத்தார்கள். ஒரு குழாய், மூக்கில் ஒரு கவசம், தலையைச் சுற்றிப் பட்டை. முதல் இரவு "குட் நைட்" சொல்ல வாயைத் திறந்தேன், மூக்கில் போன காற்றெல்லாம் வாய்வழியே புயலாக வந்து வினிஃப்ரெட்டின் ஜெபப் புத்தகத்தில் நான்கு பக்கம் புரண்டது. இரண்டாம் இரவு கவசம் நழுவி ஒரு கண்ணுக்குள் மட்டும் காற்றடித்தது. ஏர்கோன் குளிரில் குழாய்க்குள் நீர் கோத்து மூன்றாம் இரவு என் மூக்கிலேயே மழை பெய்தது. நான்காம் இரவு நானே தூக்கத்தில் பிடுங்கி எறிந்திருக்கிறேன், காலையில் பார்த்தால் அது கட்டிலடியில் கிடந்து என் செருப்புக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறது. லோஷினிக்குப் போன் போட்டேன். "அலமாக், அங்கிள், முகத்துக்கே பெரிய கவசம் தரேன். ஆனா ஒங்க மீச இருந்தா கவசம் ஒட்டாது, காத்து கசிஞ்சிரும், லா" என்றாள். நாற்பது வருட மீசை, மச்சான்! எடுத்துவிட்டேன். அந்த ஞாயிறு கோயிலில் ஃபாதர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, ஊருக்குப் புதுசா என்று விசாரித்தார்.

ஆனால் பத்தாம் நாள் காலை நடந்ததைத்தான் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. எனக்குக் கனவு வந்தது. கடைசியாக எப்போது கனவு கண்டேன் என்பதே ஞாபகமில்லை. பெரிதாக ஒன்றுமில்லை, பஸ்ஸுக்கு நின்றேன், பஸ் வந்தது, ஜன்னலோரம் இடம் கிடைத்தது, அவ்வளவுதான். விழித்தபோது மணி ஆறு. தலைவலி இல்லை. வெளியே வந்து நின்றேன். மச்சான், எங்கள் வீட்டு வேலியோரத்து ரம்புத்தான் மரத்தில் இத்தனை விதமான பச்சை இருக்கிறது என்று யாருமே எனக்குச் சொன்னதில்லை. வினிஃப்ரெட்டை எழுப்பிக் கனவை முழுதாகச் சொன்னேன். நடுவில் கொட்டாவி விட்டாலும், ஜன்னலோர இடம் கிடைத்தவரை கேட்டாள். பெட்டியின் சின்னத் திரையில் அம்பத்திரண்டு என்பது மூன்று என்று காட்டியது. வெறும் காற்று! வேறொன்றுமில்லை, நாம் சும்மா சுவாசிக்கும் அதே காற்று. அதைக் கொஞ்சம் அழுத்தி ஊதினால் ஒரு மனிதன் திரும்பி வந்துவிடுகிறான். இன்று ஃபாதரின் பிரசங்கம் முழுவதையும் கேட்டேன். எட்டு வருடமாக அவர் நன்றாகத்தான் பேசி வந்திருக்கிறார் போலிருக்கிறது.

இப்போது வீட்டில் குறட்டை இல்லை, இடி இல்லை. முப்பத்தொரு வருடம் விழித்த தங்கள் தங்கை குழந்தைபோல் உறங்குகிறாள். நாங்கள் இருவரும் மிக நிம்மதியாக இருக்கிறோம் என்று தங்களுக்கு உறுதியாகத் தெரிவித்துக்கொள்கிறேன். ஆண்டவர் தங்கள் வீட்டாருக்கு நீண்ட ஆயுளும், தங்கள் மூக்குக்குத் தடையில்லா வழியும் அருள்வாராக.

தங்கள் அன்பு மைத்துனன்,
அ. ரேமண்ட்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் எழுத்துப்பிழை பார்க்க வினிஃப்ரெட்டிடம் கொடுத்தேன். கடைசிப் பத்தி வந்ததும் கண்ணாடியைக் கழற்றினாள். "யாரு தூங்குறா? மூணு வாரமா பொட்டுத் தூக்கம் இல்ல. முன்னாடி சத்தம் இருந்துச்சு, இருக்கீங்கன்னு தெரிஞ்சுச்சு. இப்ப ஒரு சத்தமும் இல்ல. மணிக்கு ஒரு தடவ எழுந்து டார்ச் அடிச்சுப் பாக்குறேன்" என்றாள். ஆகவே மேலே "இருவரும்" என்றுள்ள இடத்தில் "ஒருவர் மட்டும்" என்று திருத்தி வாசிக்கவும். இன்றிரவு நான் விழித்திருந்து அவள் தூங்குவதாக ஒப்பந்தம்.