பாதை நடுவே வண்டி வெடித்த விபரம்

கிண்ணியா,
2003 ஆகஸ்ட், வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.

சென்னைப் பட்டணத்தில் சினிமாத் தொழில் பயிலும் அன்பு மருமகன் ஸுஹைருக்கு, உன் தாய்மாமன் ஸைனுலாப்தீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். வல்ல அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உன் மாமி பரீதாவும் அரிசி மில்லும் சுகம். மாத்தளையில் உன் உம்மாவும் வாப்பாவும் சுகமென்று அறிந்தேன். உன் சுகத்துக்கும், கமெராவைப் பார்த்துப் பார்த்துக் கெட்டுப்போகும் என்று மாமி பயப்படுகிற உன் கண்ணுக்கும், ஐந்து நேரமும் துஆச் செய்கிறோம்.

மகன், எடுத்துவிட்டோம். உன் படத்தின் முதல் காட்சியை எடுத்துவிட்டோம். எழுத்து கோணலாகப் போவது வயதினால் இல்லை, சந்தோசத்தினால். நோன்புப் பெருநாளைக்குள் ஒரு காட்சியையாவது கண்ணில் காட்டாவிட்டால் சினிமாவைத் தலைமுழுகிவிட்டு மாத்தளை இரும்புக் கடையில் வந்து குந்த வேண்டும் என்று உன் வாப்பா சொன்னதை நீ எழுதியிருந்தாய். அந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆணிக்கும் கதவுப் பிணைச்சலுக்கும் நடுவில் நீ உட்கார்ந்திருப்பதுதான் கண்ணுக்குள் வந்து நின்றது. ‘பெருநாளைக்கு முன் நான் வர முடியாது மாமா, முதல் காட்சி ரொம்பச் சின்னது, கலியாண வீடியோ எடுக்கிற யாரையாவது வைத்து நீங்களே எடுத்து வாப்பாவுக்குக் காட்டிவிடுங்கள்’ என்று நீ எழுதியதும், நான் மில்லை மூடிவிட்டு உன் கதையை எடுத்து வைத்துக்கொண்டேன்.

‘காட்சி ஒன்று. பகல். கதாநாயகனின் வண்டி பாதை நடுவே வெடிக்கிறது. ஜனங்கள் பார்க்கிறார்கள். அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறான்.’ இவ்வளவுதான் எழுதியிருந்தாய். பக்கத்தில் பென்சிலால் ‘செலவில்லை’ என்றும் குறித்திருந்தாய். இதைச் சின்னக் காட்சி என்கிறாயே, உன் நெஞ்சுரத்தை மெச்சினேன். கோடிக் கணக்கில் வாரி இறைக்கிற படங்களில் வேலை பழகுகிற பிள்ளைக்கு இது சின்னதாகத்தான் தெரியும். நீ மாத்தளையில் பிறந்து மாத்தளையிலேயே வளர்ந்தவன். கைக்குழந்தையாக ஒரே ஒரு தடவை உம்மாவின் மடியில் இருந்து நமது பாதையில் போயிருப்பாய். பஸ்ஸையும் லொறியையும் ஆட்டையும் மாட்டையும் சனத்தையும் ஒரே தட்டில் ஏற்றிக்கொண்டு இக்கரைக்கும் அக்கரைக்கும் மிதக்கிற அந்த இரும்புப் பாதையை இவ்வளவு காலம் மனதில் வைத்திருந்து, முதல் காட்சியிலேயே வைத்துவிட்டாயே. வாசித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாமியைக் கூப்பிட்டு அவளுக்கும் வாசித்துக் காட்டினேன். “பொடியன் ஊரை மறக்கயில்ல” என்று அவளும் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

நீ கத்தரித்து அனுப்பியிருந்த கட்டுரையை, பெரிய சண்டைப் பட டைரக்டர்கள் செலவை எப்படி ஆளுகிறார்கள் என்பதை, ஓதுகிற பிள்ளை போல மனப்பாடம் செய்தேன். எதையும் முதலில் படமாக வரைந்து பார்த்துவிட்டால் பிறகு வீண் செலவு வராது என்று அதில் இருந்தது. நெல் மூட்டைச் சீட்டின் பின்பக்கத்தில் பாதையையும் அதன் நடுவில் வண்டியையும் வரைந்தேன். “இதென்ன, ரொட்டியில ஈ குந்தியிருக்கா?” என்று மாமி கேட்டாள். அதற்குப் பிறகு வரையவில்லை. வண்டி விஷயத்திலும் உன் கெட்டித்தனம் எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது. வேறொருவன் என்றால் கார் கேட்பான், ஹெலிகொப்டர் கேட்பான். நீயோ ஒரு மாட்டுவண்டி போதும் என்றுவிட்டாய். அச்சு முறிந்து கிடந்த ஒரு வண்டியை வாங்கி அச்சு மாற்றி, கமெராவுக்குத் தெரியாத பக்கத்தில் காசைப் போடாதே என்று கட்டுரை சொன்னபடி, ஒரு பக்கத்துக்கு மட்டும் சிவப்புப் பெயின்ற் அடித்தேன். ஒரு பக்கம் பார்த்தால் மாப்பிள்ளை, மறு பக்கம் பார்த்தால் குழிக்குப் போகிற மையித்து.

வெடிக்கு நகரத்திலிருந்து அருளம்பலத்தாரைப் பிடித்தேன். கோயில் திருவிழாக்களில் வாணம் விடுகிறவர். சண்டைக் காலம் முழுக்க வாண மருந்தைக் கையால் தொடவும் விடாமல் வைத்திருந்தார்கள், இந்த யுத்தநிறுத்த ஒப்பந்தம் வந்த பிறகுதான் மனிசனுக்கு மறுபடி தொழில். “கனகாலத்துக்குப் பிறகு ஒரு பெரிய ஓடர் முதலாளி, வடிவாச் செய்து தாறன்” என்று அவர் சொன்ன விதத்திலேயே நான் பயந்திருக்க வேண்டும். பிறகு அனுமதி. இந்தத் துறைமுகத்துப் பக்கம் தண்ணீரில் கல்லெறிவதென்றாலும் மூன்று இடத்தில் கேட்க வேண்டும், நான் கேட்கப் போனதோ வெடிக்கு. ‘வெடி’ என்ற சொல்லைப் போடாதீர்கள் என்று மாமி சொன்னதால் மனுவில் ‘நல்லெண்ணச் சத்தம்’ என்று எழுதினேன். மூன்று இடத்திலும் அதை மூன்று தடவை வாசித்தார்கள். கடைசியில் இருந்த அதிகாரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “சத்தத்துக்குப் பிறகு பாதை இருக்குமா?” இருக்கும் என்று பள்ளிவாசல் இருக்கும் திசையைக் காட்டிச் சொன்னேன். ஒரே ஒரு பயணத்துக்குப் பாதையைத் தந்தார்கள், மறு பேச்சில்லை. சனம் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போகிற ஒரே வழி அது, அதற்கு மேல் கேட்க எனக்கும் வாய் வரவில்லை. ஆகவே ஒரு தரம்தான் வெடிக்கலாம். பிழைத்தால் நீ இரும்புக் கடையில். இந்த நினைப்பிலேயே அந்த வாரம் முழுக்க நடந்து திரிந்தேன்.

ஜனங்கள் பார்க்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அந்த ஜனத்தைச் சொல்கிறேன் கேள். கூட்டத்துக்குக் கூலி கொடுத்துக் கட்டாது, சாப்பாட்டைக் கொடுத்துச் சமாளி என்ற கட்டுரைப் புத்தியைக் கேட்டு, நடிக்க வருகிறவர்களுக்குப் பகல் சாப்பாடு உண்டு என்று நாலு பேரிடம் சொன்னேன். அது கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் ஸைனுலாப்தீன் முதலாளி கந்தூரி கொடுக்கிறார் என்று ஆகிவிட்டது. காலையில் துறைக்குப் போனால் ஊரே பெருநாள் உடுப்போடு நிற்கிறது. கையில் சட்டி வேறு, மிச்சம் கொண்டுபோக. மாமி புரியாணிக்கு இரண்டாவது கிடாரத்தை அடுப்பில் ஏற்றினாள், பிறகு மூன்றாவதையும் ஏற்றினாள், அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை.

பெரிய வெடியை ஒரே தரத்தில் பல கமெராவால் பிடிக்க வேண்டும் என்றிருந்ததால், நகரத்து ஸ்ரூடியோ பாக்கியரத்தினத்தைப் பாதையில் ஒரு கமெராவோடும், அவருடைய உதவியாளரைத் தோணியில் இன்னொரு கமெராவோடும் நிறுத்தினேன். கலியாண வீடு எடுத்துப் பழகியவர்கள். பிறகு போட்டுப் பார்த்தால் தோணிக் கமெராவில் பெண்களின் கழுத்துச் சங்கிலியும் பாதையில் ஏற்றியிருந்த புரியாணிக் கிடாரமும் மட்டும் தெளிவாக விழுந்திருக்கின்றன. கதாநாயகன், நம் மில்லில் மூட்டை தூக்கும் கலந்தர். ஆள் பனைமரம், குரல் கோழிக்குஞ்சு. பாதை புறப்பட்டதும் என் பக்கத்தில் வந்து, “முதலாளி, வெடிக்கிற நேரம் நான் எங்க நிக்கிற?” என்றான். வண்டிக்குப் பக்கத்தில் என்றேன். “எந்த வண்டிக்கு?” என்றான். பாதையில் ஒரே ஒரு வண்டிதான் இருந்தது, மகன்.

பாதையை ஓட்டுகிற முஹம்மது தம்பி காக்காவுக்கு, பேரில் தம்பி என்றாலும் ஊருக்கே அண்ணன், இந்த வேலையே பிடிக்கவில்லை. “இந்தத் தட்டில நெருப்புப் பட்டா, ஒன்னத் தூக்கிக் கடலுக்க போடுவன் ஸைனுலாப்தீன்” என்று எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னார். நடுக்கடல் வந்தது. மாடுகளை முன்னமே கரையில் அவிழ்த்து விட்டிருந்தோம். வெடித்ததும் எல்லோரும் கத்த வேண்டும், அங்குமிங்கும் ஓட வேண்டும், கலந்தர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்க் கடலில் போட்டு எல்லோரையும் காப்பாற்ற வேண்டும் என்று மைக்கில் சொன்னேன். நீ எழுதிய ‘தள்ளிக்கொண்டு போகிறான்’ என்பதற்கு வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்? அருளம்பலத்தார் சாமியைக் கும்பிட்டுவிட்டுத் திரியைக் கொளுத்தினார்.

அவர் வடிவாகத்தான் செய்திருந்தார். இக்கரைத் தென்னைமரத்துக் காகமும் அக்கரைத் தென்னைமரத்துக் காகமும் நடு வானத்தில் சந்தித்துக்கொண்டன. வண்டி ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பி, எரிந்துகொண்டே இறங்கியது. நான் கண்ணைத் திறந்து கூட்டத்தைப் பார்த்தால், கூட்டத்தைக் காணவில்லை. ஒருவரும் கத்தவில்லை, ஒருவரும் ஓடவில்லை. கிழவர், குமரிகள், பால்குடிப் பிள்ளையோடு தாய்மார் எல்லோரும் ஒரு சொல் பேசாமல், தொழுகைக்குச் சப் கட்டினது போல வரிசையாக, தலையில் கை வைத்துக் குப்புறப் படுத்திருந்தார்கள். எங்கள் சனத்துக்கு வெடிச்சத்தம் கேட்டால் என்ன செய்வதென்று தெரியும், சினிமாவில் என்ன செய்கிறார்கள் என்பதுதான் தெரியாது. எல்லோருக்கும் முதலில் படுத்தவன் கதாநாயகன். கிடாரத்துக்குப் பின்னால் அவனுடைய கால் மட்டும் தெரிந்தது. நானும் படுத்துத்தான் இருந்தேன், மறைப்பானேன்.

நின்றது ஒரே ஒருவர். முஹம்மது தம்பி காக்கா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, என் உம்மா வாப்பா பரம்பரை முழுவதையும் உரத்துக் கூப்பிட்டபடி ஓடி வந்தார். எரிகிற வண்டியின் நுகத்தைப் பிடித்து, ஒரே தள்ளாகத் தள்ளிக்கொண்டு போய்க் கடலில் இறக்கினார். தட்டில் ஒரு கரி கூட மிஞ்சவில்லை. பாக்கியரத்தினம் படுத்தபடியே கமெராவை நிமிர்த்தி அத்தனையையும் பிடித்துவிட்டார், மகன். நீ எழுதியது எழுத்துக்கு எழுத்து அப்படியே விழுந்திருக்கிறது. கதாநாயகனுக்கு வயது அறுபது தாண்டிவிட்டது, தொப்பி போட்டிருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

பிறகு நடந்ததைச் சொல்லாமல் இருக்க ஏலாது. புகை அடங்க முன்னமே உம்மாமார் படுத்த இடத்திலிருந்து பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார்கள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, பழக்கம். ஒவ்வொரு பெயருக்கும் “ஓம் உம்மா” என்று ஒரு குரல் வந்தது. எல்லாப் பெயருக்கும் வந்தது. இந்தக் கரையில் எத்தனையோ வெடிக்குப் பிறகு எத்தனையோ பெயரைக் கூப்பிட்டிருக்கிறோம். ஒரு பெயருக்கும் பதில் தவறாமல் வந்தது எனக்குத் தெரிய இதுதான் முதல் தரம். கடைசிப் பிள்ளையும் குரல் கொடுத்த பிறகு யாரோ ஒரு பெண் சிரித்தாள். பிறகு பாதை முழுக்கச் சிரித்தது. நான் அழுதேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

கரையில் இறங்கினால் ஒப்பந்தத்தைக் கண்காணிக்க வந்திருக்கிற வெள்ளைக்காரர் இரண்டு பேர் மூச்சிரைக்க வந்து நின்றார்கள். வெடித்தது எந்தத் தரப்பு என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார். மாத்தளைத் தரப்பு என்றேன். கொஞ்ச நேரம் தங்களுக்குள் கதைத்துவிட்டு, அவர்களும் புரியாணிக்கு உட்கார்ந்தார்கள். எதிர்பாராத செலவுக்கென்று ஒரு பங்கை ஒதுக்கி வைக்க வேண்டும் என்று கட்டுரையில் இருந்தது எவ்வளவு உண்மை. எங்கள் படத்தில் மருந்துக்கும் வண்டிக்கும் கமெராவுக்கும் போனதை விட அரிசிக்கும் மாட்டிறைச்சிக்கும் போனதுதான் அதிகம், ஆனால் அரிசி சொந்த மில். பெரிய டைரக்டர்களுக்கு இந்த வசதி இருக்காது.

காட்சியின் கசெற் கொப்பி ஒன்றை மாத்தளைக்கு உன் வாப்பாவின் கைக்குக் கிடைக்க அனுப்பிவிட்டேன். இனி அவர் இரும்புக் கடை என்று வாய் திறக்கமாட்டார் என்று நம்புகிறேன். நீ மனம் தளராதே, வேளைக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. உன் கையால் இன்னும் பெரிய வெடிகள் வெடித்து, அத்தனையிலும் எல்லோரும் எழும்பி வீட்டுக்குப் போக அல்லாஹ் அருள் செய்வானாக. மாமி ஸலாம் சொல்கிறாள். முஹம்மது தம்பி காக்கா சம்பளம் கேட்கிறார்.

இப்படிக்கு,
உன் மாமன்,
ஸைனுலாப்தீன்.

பி.கு.: ஒரு வாரம் கழித்து இந்தக் கடிதத்தை ஒட்டப் போகும்போது உன் புதுக் கடிதம் வந்தது. வண்டி என்றால் மோட்டார் சைக்கிளாம். பாதை என்றால் ரோட்டாம். வெடித்தது டயராம். அவன் பஞ்சரான சைக்கிளை வெட்கத்தோடு தள்ளிக்கொண்டு போவதைச் சனம் பார்ப்பதுதான் காட்சியாம். பெரிய டைரக்டர்கள் தொடக்கத்தில் காசை விடமாட்டார்கள் என்பதால் பஞ்சரில் ஆரம்பித்தாயாம். மறுபடியும் முதலிலிருந்து வாசித்தேன். அதற்குள் உன் வாப்பா டெலிபோன் எடுத்தார். கசெற்றை அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் போட்டுக் காட்டினாராம். பொடியன் படமே எடுக்கட்டும், கடைக்கு வேறு ஆளை வைக்கிறேன் என்கிறார். பஞ்சரைப் பற்றி நான் மூச்சு விடவில்லை, நீயும் விடாதே. கதையைத் திருத்து. ஆனால் ஒன்று: இரண்டாம் காட்சியில் ‘கதாநாயகி வில்லனுக்கு ஓர் அறை கொடுக்கிறாள்’ என்று எழுதி, அதற்கும் ‘செலவில்லை’ என்று குறித்திருக்கிறாய். வீட்டுக்கு வடக்கே அந்த அறைக்கு அத்திவாரம் வெட்டியாகிவிட்டது. உன் வாப்பா கடையிலிருந்து அனுப்பிய கம்பியும் சீமெந்தும் லொறியோடு இந்த நேரம் பாதையில் வந்துகொண்டிருக்கின்றன. அதுவாவது அறைதானா என்று உடனே தந்தி அடி.