விண்வெளி விருந்தாளிக்கு நான் நெய் ஊற்றியது

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு முப்பது வயதுவரை வரவில்லை. அதற்குள் ஏழெட்டு வேலைகள் போயிருந்தன. அதில் ஒன்று கிடைப்பதற்கு முன்பே போனது.

அறுபதுகளின் தொடக்கம். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுப் பம்பாய்க்கு வந்த நான், தாராவியில் ஒரு தோல் கிடங்கில், உப்பிட்ட தோல்களுக்கு நடுவே படுத்துக்கொண்டிருந்தேன். (வாடை மூன்று நாளில் பழகிவிடும். பக்கத்தில் உட்காருகிறவர்களுக்குத்தான் பழகாது.) மாட்டுங்காவில் ஒரு தமிழ் மன்றத்துக்குக் காவலாள் தேவைப்பட்டது. வேலையோடு தங்க அறையும் உண்டு. அந்த வாரம் அங்கே, மனிதன் விண்வெளிக்குப் போய்வந்ததைக் கொண்டாட இந்திய ரஷ்யக் கலைவிழா. அதில் ஒழுங்காகப் பரிமாறினால் வேலை எனக்கு என்றார் செயலாளர்.

“ரஷ்யாக்காராளைக் கவனிச்சுக்க வருமோ நோக்கு?”

“வரும் சார். துறைமுகத்துல அவங்க பாஷை பேசிப் பழக்கம்.” (ஒரு மாலுமிக்குப் பீடி கொடுத்தேன். அவர் இருமினார். பேச்சு அவ்வளவுதான்.)

நம் பெண்கள் பரதம் ஆடினார்கள். ரஷ்யர்கள் அக்கார்டியன் வாசித்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ரஷ்யப் பொறியாளர் ஒருவர், விண்வெளியில் மனிதன் எடையில்லாமல் மிதப்பதைப் பற்றிப் பேசுவதாக ஏற்பாடு. மொழிபெயர்க்கும் பெண், படம் காட்டும் கருவியைப் பார்க்கப் போய்விட்டாள். பொறியாளரின் இலை என் பொறுப்பில் இருந்தது.

சாம்பார் வாளியைக் காட்டினேன். “தா, தா” என்றார். மனிதர் தமிழிலேயே கேட்கிறார் என்று எனக்குப் பெருமை. ஊற்றினேன். பக்கத்தில் இருந்த இன்னொரு ரஷ்யர் அவரிடம் கையை ஆட்டி ஏதோ விளக்கினார். அதற்கும் பொறியாளர் “தா, தா” என்று தலையசைத்தார். இரண்டு வடை வைத்தேன். விளக்கம் நீண்டது. வடையும் நீண்டது.

சமையல்கட்டில் வடை சுட்டுக்கொண்டிருந்த சங்கரபாண்டி அண்ணன், “ஏலே, அந்தாளுக்கு வயிறா, அண்டாவா?” என்றார்.

“வாய்விட்டுக் கேக்காருண்ணே. குடுக்காம இருக்க முடியுமா?”

கடைசியில் பொறியாளர் இரண்டு கைகளாலும் இலையை மறைத்துக்கொண்டு, “நியெத், நியெத்” என்றார். அடடா, நெய்யை மறந்துவிட்டோமே என்று ஓடிப் போய் எடுத்து வந்தேன். விரல் இடுக்கு வழியாகப் பதமாக ஊற்றினேன். அவர் குரல் உயர்ந்தது. கிண்ணத்தையே கவிழ்த்தேன்.

அப்போதுதான் அந்தப் பெண் திரும்பி வந்தாள். இலையைப் பார்த்தாள், நெய் வடியும் கைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவர்கள் பாஷையில் ‘தா’ என்றால் ஆமாம், ‘நியெத்’ என்றால் வேண்டாம் என்று இந்தியில் நிதானமாகச் சொன்னாள்.

எடையில்லாமல் மிதப்பதைப் பற்றிப் பேச வந்தவரை நாற்காலியிலிருந்து எழுப்ப மூன்று பேர் தேவைப்பட்டார்கள். பேச்சு நடக்கவில்லை. படத்தை மட்டும் ஓட்டினார்கள்.

செயலாளர் என்னை வாசல்வரை கொண்டுவிட்டார். “நாளைலேர்ந்து வர வேண்டாம். இது தமிழ்தான். புரியறதோ?”

புரிந்தது. தோல்களிடமே திரும்பிப் போனேன்.

போன வருடம் டாக்டர் எனக்கு நெய்யை நிறுத்திவிட்டார். பருப்புச் சோற்றைப் பிசைந்துகொண்டு நான் அடுக்களைப் பக்கம் பார்த்தால், என் மனைவி உள்ளே இருந்தபடியே “நியெத்” என்பாள்.

“அம்மா ஊத்திக்கிடச் சொல்லுதாப்பா” என்பாள் மகள்.